பெர்சோனாவில் தவறுக்கும் விலை வையுங்கள்: அட்லஸ் அணிகளுக்கு ஒரு திறந்த மடல்

அட்லஸ் நிறுவனத்தில் பெர்சோனா, ஷின் மெகாமி டென்செய் ஆகிய இரு வீடியோ கேம் தொடர்களையும் உருவாக்கும் வடிவமைப்பாளர்களுக்கு,

வணக்கம். இரண்டு தொடர்களையும் விடாமல் ஆடிவரும் நாங்கள் சண்டை முறையைப் பற்றி மட்டும் இங்கே பேசுகிறோம். கதை, இசை, திரை வடிவமைப்பு எதிலும் எங்களுக்குக் குறையில்லை. எதிரியின் பலவீனத்தில் அடித்தால் இன்னொரு வாய்ப்பு தரும் பெர்சோனாவின் 'ஒன் மோர்' முறையில்தான் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அதை அடைக்கத் தேவையானது உங்கள் கையிலேயே 2003 முதல் இருக்கிறது.

அந்த ஆண்டு வந்த ஷின் மெகாமி டென்செய் 3: நாக்டர்னில் 'பிரஸ் டர்ன்' முறையை அறிமுகப்படுத்தினீர்கள். அணியில் நான்கு பேர் என்றால் நான்கு ஐகான்; ஒரு ஐகான் என்பது ஒருமுறை செயல்படும் வாய்ப்பு. பலவீனத்தில் அடித்தாலோ கிரிட்டிக்கல் (கூடுதல் சேதம் தரும் அடி) விழுந்தாலோ அரை ஐகான்தான் செலவு. முழு ஐகான் மினுக்கத் தொடங்கும். எல்லாம் சரியாக விழுந்தால் ஒரு சுற்றில் எட்டு முறை அடிக்கலாம். அடிக்காமல் வாய்ப்பை அடுத்தவருக்கு விட்டு 'பாஸ்' செய்தாலும் அரைதான் போகும். ஆனால் ஏற்கெனவே மினுக்கும் ஐகானில் பாஸ் செய்தால் அது முழுசாகக் காலி. புதிதாக ஆடுகிறவர்கள் அடிக்கடி கோட்டைவிடும் இடம் இது. இனி மறுபக்கம். அடி தவறினாலோ எதிரிக்கு அது ஏறாமல் போனாலோ இரண்டு ஐகான் போச்சு. எதிரி அதைத் திருப்பி அடித்தாலோ உறிஞ்சிக்கொண்டாலோ மிச்சமிருக்கும் அத்தனையும் போச்சு. எல்லோர்மீதும் பாயும் மந்திரத்தில் ஒருவனுக்குப் பலவீனம், இன்னொருவனுக்குத் தடை என்றால் மோசமான முடிவுதான் கணக்கில் ஏறும்.

இந்தக் கணக்கை, நாக்டர்னில் வரும் மடடோர் என்ற பெரிய எதிரியுடனான சண்டையைப் போலக் கற்றுக்கொடுத்த இடம் வேறில்லை. தொடங்கியதும் ரெட் கபோட்டே என்ற ஸ்கில்லைப் போட்டுத் தன் வேகத்தை உச்சத்துக்கு ஏற்றிக்கொள்வான். அதன்பின் நம் அடிகள் தவறத் தொடங்கும். ஒவ்வொரு தவறுக்கும் இரண்டு ஐகான் என்பதால், நான்கு பேர் அணி இரண்டு வீச்சிலேயே சுற்றை இழந்துவிடும். லெவல் ஏற்றி மட்டும் இதைத் தாண்ட நினைப்பவர்கள் மணிக்கணக்கில் அலைவார்கள். வழி வேறு: அவன் வேகத்தை இரண்டு படி இறக்கும் ஃபாக் பிரெத், இல்லாவிட்டால் ஒரு படி இறக்கும் சுகுண்டா, கூடவே நம் வேகத்தை ஏற்றும் சுகுகஜா. காற்றுத் தாக்குதல் ஏறாதபடி காக்கும் ஹிஃபுமி மகதமாவை (நாயகனுக்குத் தடைகளையும் பலவீனங்களையும் தரும் பொருள்) அணிந்து போனால், அவன் மாஜான் என்ற காற்று மந்திரத்தை வீசும்போது அவன் ஐகான்களும் இரண்டிரண்டாகப் போகும். மகதமாவைச் சண்டைக்கு நடுவே மாற்ற முடியாது. ஆகவே வெற்றி பாதி, உள்ளே நுழையும் முன்பே முடிவாகிவிடும். விதி இருபக்கமும் ஒன்றே என்பதுதான் இதன் அழகு.

மூன்று ஆண்டு கழித்து, 2006இல் பெர்சோனா 3 வந்தது. பலவீனத்தில் அடித்தால் எதிரி விழுவான், அடித்தவருக்கு இன்னொரு வாய்ப்பு. எதிரிகள் எல்லோரும் விழுந்தால், அணியே சேர்ந்து பாயும் ஆல்-அவுட் அட்டாக். விழுந்தவனையே மறுபடி பலவீனத்தில் அடித்து வாய்ப்பைப் பெருக்க முடியாதபடி பின்னர் கட்டினீர்கள். அதனால் மூன்று எதிரி நின்றால் கூடுதல் வாய்ப்பும் அந்த அளவோடு நிற்கிறது. பெர்சோனா 5இன் பேட்டன் பாஸ், 2024இல் வந்த பெர்சோனா 3 ரீலோடின் ஷிஃப்ட் இரண்டும் அந்த வாய்ப்பைத் தோழருக்குக் கைமாற்றுகின்றன. பெர்சோனா 5இன் விரிவாக்கப் பதிப்பான ராயலில் நான்காவது ஆள் வரை கைமாறினால் அவர் ஸ்கில்லுக்கு எஸ்பி (மந்திர சக்தி), எச்பி (உயிர்ச் சக்தி) எதுவுமே செலவில்லை. அருமையான யோசனை அது. நாயகன் டர்னுக்கு ஒருமுறை தன் பெர்சோனாவை (ஸ்கில்களைத் தரும் ஆவியை) மாற்றிக்கொள்ளலாம் என்பதும் மகதமாவுக்கு நேர் எதிரான சுதந்திரம். அதைத் தொடவே கூடாது.

ஆனால் தவறுக்கு விலை எங்கே? பெர்சோனா 5இன் தோழன் ரியுஜியின் மின்னல் எதிரிக்கு ஏறவில்லை என்றால் அவன் டர்ன் மட்டும் போகிறது. அடுத்தவர் ஒன்றும் நடக்காததுபோல் வந்து அடிக்கிறார். எந்த மந்திரத்தையும் கண்ணைமூடிக்கொண்டு சோதித்துப் பார்க்கலாம். இதைவிடப் பெரிய சிக்கல் பாஸ் (தலைமை எதிரி) சண்டைகளில். பெர்சோனா 5இன் மாளிகைகளை ஆளும் கமோஷிடாவுக்கும் கனேஷிரோவுக்கும் பலவீனமே இல்லை. பல மணி நேரம் பலவீனம் தேடும் பழக்கத்தை ஊட்டிவிட்டு, மாளிகையின் உச்சியில் அதைப் பிடுங்கிக்கொள்கிறீர்கள். மிஞ்சுவது நம் தாக்குதலை ஏற்றும் தருகஜா, எதிரியின் தற்காப்பை இறக்கும் ரகுண்டா, மூன்று டர்ன் முடிந்ததும் மறுபடி அதே. ஒன் மோர் உறங்கும் இடம் சரியாக அது விழித்திருக்க வேண்டிய இடம். ராயலில் ஒகுமுரா என்ற பாஸுடனான சண்டையை மாற்றியபோது நீங்களே இதை உணர்ந்திருக்கிறீர்கள். அலை அலையாக வரும் ரோபோக்களைக் கெடுவுக்குள் முடிக்காவிட்டால் அவை போய்ப் புதியவை வரும். அங்கே பலவீனமும் பேட்டன் பாஸும் உயிரோடு வேலை செய்கின்றன. சண்டை கடினம் என்று பலர் குறைப்பட்டார்கள். எங்களுக்கு அந்த ஆட்டத்தில் மிகவும் நேர்மையான பாஸ் அதுதான்.

எங்கள் யோசனை: ஐகான்களைப் பெர்சோனாவில் அப்படியே ஒட்டவேண்டாம். அடி ஏறாமல் போனால் அந்தச் சுற்று முழுக்கப் பேட்டன் பாஸையோ ஷிஃப்டையோ பூட்டிவிடுங்கள். திருப்பி அடிக்கப்பட்டால் அடித்தவரே விழட்டும். பாஸ்களுக்குப் பலவீனம் கொடுங்கள். ஒரே சுற்றில் மூன்று வெவ்வேறு ஆட்கள் அதில் அடித்தால்தான் விழவேண்டும், எழுந்தபின் மூன்று சுற்றுக்கு மறுபடி விழக்கூடாது. இல்லாவிட்டால் பாஸ் தரையைவிட்டு எழவே மாட்டார். பெர்சோனாவைப் போல நாட்களைக் கணக்கிட்டு ஆடும் நாள்காட்டியும் தவறுக்கு விலையும் ஒரே ஆட்டத்தில் ஒத்துப்போகாது என்று யாரும் சொல்லமுடியாது. 2024இல் உங்கள் இன்னொரு ஆட்டமான மெட்டாஃபர்: ரிஃபான்டாசியோவில் இரண்டையும் நீங்களே சேர்த்துக் காட்டிவிட்டீர்கள்.

நாயகன் விழுந்தால் கேம் ஓவர் என்ற விதியையும் எடுத்துவிடுங்கள். பெர்சோனா 5இல் நட்பு முற்றியபின் தோழர் குறுக்கே வந்து சாவடியைத் தாங்குவார். ஆனால் அந்தக் காவல் அதிகம் தேவைப்படும் தொடக்கத்தில் அது இருக்காது. 2013இல் ஷின் மெகாமி டென்செய் 4இல் நாயகன் விழுந்தாலும் அவன் அணியிலுள்ள பேய்கள் நின்று போராடின. மெட்டாஃபரிலும் அப்படியே. 2021இல் ஐந்தாம் பாகத்தில் பழைய விதி திரும்பி வந்ததற்குச் சண்டைமுறையில் ஒரு காரணமும் எங்களுக்குத் தெரியவில்லை.

ஐந்தாம் பாகத்தின் அணிக்குத் தனியாக ஒன்று. சண்டையில் ஏறும் மகட்சுஹி அளவுமானி நிரம்பியதும் கிடைக்கும் ஓமகடோகி: கிரிட்டிக்கல், ஒரு சுற்று முழுக்க அடிகளை கிரிட்டிக்கல் ஆக்குகிறது. தடை இல்லாத எந்த ஸ்கில்லும் அரை ஐகானுக்கு ஓடுகிறது. எதிரியின் பலவீனத்தைத் தெரிந்துவைத்தவருக்கும் தெரியாதவருக்கும் அதே எட்டு அடி. முதல் இரண்டு கிரிட்டிக்கலுக்கு மட்டும் அரை ஐகான் என்று வைத்தால் போதும். சேதம் இப்போது இருக்கிறபடியே இருக்கட்டும்.

இப்படிக்கு,
இரண்டு தொடர்களையும் நேசித்து ஆடுகிறவர்கள்