சித்தப்பா வீட்டுத் தூக்குச்சட்டி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் எல்லாரும் சுகம். அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது.

"ஏம்மா முழங்கால் வலியோட தட்டைத் தூக்கிட்டு அலையுத? கிறிஸ்மஸுக்குப் பன்னிரண்டு வீட்டுக்கும் நானே ஸ்வீட் பாக்ஸ் ஆர்டர் போட்டுடுதேன்" என்று போனில் சொன்னாய் அல்லவா, அதற்குத்தான் இந்தக் கடிதம். வேண்டாம் தம்பி. தூரத்தில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு வேண்டுமானால் அனுப்பு. நம் தெருவுக்கு நானே போய்க்கொள்கிறேன்.

முந்திரிக்கொத்து ஒற்றை ஆளாகச் செய்கிற பலகாரம் இல்லை. வறுத்துத் திரித்த பாசிப்பயறு மாவில் வெல்லப்பாகை ஊற்றினால் சூடு ஆறுவதற்குள் உருண்டை பிடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் உதிர்ந்துவிடும். அதனால் எதிர்வீட்டு அத்தை விளக்கு வைத்த கையோடு வந்து உட்கார்ந்துவிடுவாள். உள்ளங்கை சிவக்கச் சிவக்க உருட்டிக்கொண்டே ஒரு வருஷத்துக் கதையைப் பேசித் தீர்ப்போம். அவள் கும்பிடுவது முத்தாரம்மனை. ஆனாலும் அவள் கை படாத கிறிஸ்மஸ் பலகாரம் நம் வீட்டில் கிடையாது, அந்த ஒரு வருஷம் தவிர.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பேரோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. பக்கத்துப் புதுக்குடிக்காரர்கள்தான் கோயிலில் வைத்துச் சமைத்து அவர்களுக்குச் சோறு போட்டார்கள். நீ சென்னையில் இருந்து விடாமல் போன் அடித்தாய், இங்கே டவரே இல்லை. இடித்து வைத்திருந்த பலகார மாவெல்லாம் தண்ணீரோடு போயிற்று. அத்தைதான் எங்களைத் தன் மாடியில் ஏற்றி இரண்டு ராத்திரி வைத்துக்கொண்டாள்.

மறுநாள் யார் வந்தது தெரியுமா? வரப்புத் தகராறில் ஆறு வருஷமாகப் பேச்சு நின்றுபோன உன் சித்தப்பா. இடுப்பளவு தண்ணீரில், தலைக்கு மேலே தூக்கிப் பிடித்த தூக்குச்சட்டியில் கஞ்சியோடு வந்தார். அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சட்டியை என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டார். இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை.

அந்தச் சட்டி இன்னும் நம் அடுக்களையில்தான் இருக்கிறது. வெறும் பாத்திரமாகத் திருப்பக் கூடாது. நிறைத்துக் கொண்டுபோக அப்பாவுக்கும் மனசு வரவில்லை, என்னையும் விடவில்லை. இயேசு பிறக்கச் சத்திரத்தில் இடமில்லாத கதையை நம் சர்ச்சில் வாசிக்கும்போது மட்டும் கண்ணைத் துடைத்துக்கொள்வார். கூடப் பிறந்த தம்பிக்கு நம் திண்ணையில் இடமில்லை!

சரி, நீ 22ஆம் தேதி கிளம்பு. நாசரேத்தில் இறங்கினால் அப்பா பைக்கில் வந்துவிடுவார். 23ஆம் தேதி பலகாரம் போடுகிறோம். விடியற்காலை ஆராதனை முடிந்ததும் அந்தத் தூக்குச்சட்டி நிறைய முந்திரிக்கொத்து வைத்துத் தருகிறேன், நீதான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லாதே. வாசலோடு திரும்பிவிடாமல் காப்பி குடித்துவிட்டு வா. சித்தி சட்டியில் சீனியாவது போட்டுத்தான் தருவாள், வேண்டாம் என்று சொல்லிவிடாதே.

அம்மா