எல்லையோர ஃப்ரீலான்ஸ்காரர்களே, உங்கள் ரேட்டை வெளியே சொல்லுங்கள்

அன்புள்ள அண்ணன்மார்களே, அக்காமார்களே, சேட்டன்மார்களே,

கேரள-தமிழ்நாடு எல்லையில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் வீட்டில் இருந்தபடியே மலையாளம், தமிழ், ஆங்கிலத்துக்கு நடுவே மொழிபெயர்ப்பும் சப்டைட்டிலும் செய்து பிழைப்பவர்களில் நானும் ஒருத்தி. இந்தத் தொழிலில் பல வருடம் தாக்குப்பிடித்தவர்கள் நீங்கள். உங்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். உங்களுக்கு உண்மையில் எவ்வளவு கிடைக்கிறது என்பதைப் புதிதாக வருகிற பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

நம் பக்கத்தில் கூலியை யாரும் ஒளிப்பதில்லை. பொள்ளாச்சியிலிருந்து காலை பஸ்ஸில் வருகிற கொத்தனாரைக் கேளுங்கள், அங்கே இவ்வளவு, இங்கே இவ்வளவு என்று தயங்காமல் சொல்வார். ரிசர்வ் வங்கியின் 2022-23 கணக்குப்படி, கிராமப்புறக் கட்டடத் தொழிலாளியின் சராசரி நாள் கூலி கேரளத்தில் 850 ரூபாய்க்கு மேல், தமிழ்நாட்டில் 500 ரூபாய் அளவில். இது ஊருக்கே தெரிந்திருப்பதால்தான் கேரளப் பக்கம் அவரை யாரும் 500 ரூபாய்க்குக் கூப்பிட முடிவதில்லை. சுமட்டுத் தொழிலாளர்களுக்கு, அதாவது சுமை ஏற்றி இறக்குகிறவர்களுக்கு, 1978-லேயே கேரளத்தில் தனிச் சட்டம் வந்தது. எந்தச் சரக்கை இறக்க எவ்வளவு என்று பேசி முடித்த பட்டியல் அவர்களிடம் இருக்கிறது. படித்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிற நம்மிடம் அப்படி ஒன்றும் இல்லை.

இதனால் என்ன நடக்கிறது என்பதை நேரில் பார்த்தேன். ஒரு ஏஜென்சி ஒரே கோப்பை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை எனக்கும் மறு பாதியை வடகரப்பதியில் இருக்கிற ஒரு பெண்ணுக்கும் கொடுத்தது. எனக்குச் சொல்லுக்கு 90 பைசா. அவளுக்கு 40 பைசா. அவளுடைய தமிழ் என் தமிழைவிட நன்றாகவே இருந்தது. என்ன கேட்கலாம் என்று அவளுக்குச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இன்னொரு பக்கம், ஃப்ரீலான்ஸ் சொல்லிக்கொடுக்க வகுப்பு நடத்துகிறவர்கள் 'மாதம் ஒரு லட்சம்' என்று ஸ்கிரீன்ஷாட் காட்டுகிறார்கள். அது எந்த மாதம், அதற்கு அடுத்த மாதம் என்ன வந்தது, எதுவும் அதில் இருக்காது. ஃபைவர் மாதிரி, ஃப்ரீலான்ஸ் வேலை பிடிக்க உதவும் இணையதளம் சம்பாத்தியத்தில் 20 சதவீதம் எடுத்துக்கொள்வதும் தெரியாது. அதை நம்பி வேலையை விட்டுவிட்டு வருகிறவர்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

கணக்கை இப்படிப் போட்டுப் பாருங்கள். 10,000 சொல், சொல்லுக்கு 80 பைசா, ஆக 8,000 ரூபாய். ஒரு நாளைக்கு 2,000 சொல் என்றால் ஐந்து நாள். திருத்தம் வந்தால் இன்னொரு நாள். நாளுக்கு 1,300 ரூபாய்க்குச் சற்று மேல், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மாதத்தில் அப்படி 12 நாள் வேலை அமைந்தால் 16,000 ரூபாய். மீதி நாள் ஏஜென்சிகள் வேலை தருவதற்கு முன் கேட்கிற இலவச டெஸ்ட் எழுதுவதிலும், 'பேமென்ட் எப்போது?' என்று கேட்பதிலும் போய்விடும். அந்தக் கொத்தனார் 24 நாள் வேலைக்குப் போனால் 20,000-ஐத் தாண்டிவிடுவார்.

அப்புறம், எந்தச் சொல்லை எண்ணுகிறார்கள் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போது சொல் எண்ணிக்கை நன்றாகக் குறைந்துவிடும். தமிழ்ச் சொல்லை எண்ணித் தருகிற ஏஜென்சியிடம் அதே ரேட்டுக்கு ஒப்புக்கொண்டால் அங்கேயே நஷ்டம். பணம் தரும்போதே வருமான வரியாகப் பிடிக்கிற டிடிஎஸ்ஸும் அப்படித்தான். 10 சதவீதம் பிடித்ததும் பணம் போய்விட்டது என்றே பலர் நினைக்கிறார்கள். வரி வரம்புக்குள் இருக்கிறவர்கள் ரிட்டர்ன் தாக்கல் செய்தால் அது திரும்ப வரும்.

சொல்லத் தயங்குவதற்குக் காரணங்கள் இருப்பது எனக்கும் தெரியும். கண் படும், கடன் கேட்பார்கள், ஏஜென்சி காதுக்குப் போனால் வேலை நின்றுவிடும். சில அக்காமார் புகுந்த வீட்டுக்குத் தெரியாமல்தான் நாலு காசு சேர்த்து வைக்கிறார்கள். அவர்களை நான் வற்புறுத்தவே மாட்டேன். ஆனால் பெயர் இல்லாமலும் சொல்லலாமே. எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்கு, என்ன ரேட், பணம் வர எத்தனை நாள், வேலை இல்லாத மாதங்கள் எத்தனை. இவ்வளவு தெரிந்தால் போதும்.

முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன். மலையாளத்திலிருந்து தமிழுக்குச் சொல்லுக்கு 90 பைசா. சப்டைட்டில் என்றால் படம் ஓடுகிற நிமிடத்துக்கு 60 ரூபாய். நல்ல மாதத்தில் 28,000 வரும், மழைக்காலத்தில் ஒரு மாதம் 6,000-தான் வந்தது. இன்டர்நெட்டும் இன்வெர்ட்டர் பேட்டரியும் இதிலிருந்துதான். பணம் கைக்கு வர 45 நாளிலிருந்து மூன்று மாதம் வரை ஆகிறது.

இனி உங்களுடையதைச் சொல்லுங்கள். ரேட் கூடுதலாக வாங்குகிறவர்கள், அதை எப்படிக் கேட்டு வாங்கினீர்கள் என்பதையும் சேர்த்து.

அன்புடன்,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர்