காரணம் எழுதிய பிள்ளைக்கும் மதிப்பெண் கொடுங்கள்

உயிரியல் பாடநூலும் விடைக்குறிப்பும் தயாரிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். எபிதீலியத் திசு (உடலின் வெளிப்பரப்பையும் உள்ளுறுப்புகளின் பரப்பையும் மூடியிருக்கும் செல் அடுக்கு) பாடத்தில் வரும் அந்த அட்டவணையைப் பற்றித்தான் எழுதுகிறேன். இடப்பக்கம் தட்டை, கனசதுரம், தூண், குறு இழை என்று வகைகள், வலப்பக்கம் காணப்படும் இடங்கள். நான் படித்தபோதும் அதுதான், இப்போது என் மகள் படிக்கும்போதும் அதுதான்.

போன வாரம் அவளுடைய விடைத்தாள் வந்தது. நுரையீரலின் காற்று நுண்ணறைகளில் இருக்கும் எபிதீலியம் எது, விளக்குக என்று இரண்டு மதிப்பெண் கேள்வி. "ஒரே அடுக்கு தட்டைச் செல்கள். மெல்லிசாக இருந்தால்தான் ஆக்சிஜன் சீக்கிரம் ரத்தத்துக்குள் போக முடியும்" என்று எழுதியிருந்தாள். கிடைத்தது அரை மதிப்பெண். விடைக்குறிப்பில் 'பலகோணச் செல்கள், ஓடு பதித்த தரை போல நெருக்கமாக அமைந்தவை' என்று இருந்ததாம், அந்த வரி இவளிடம் இல்லையாம். திருத்தியவரை நான் குறை சொல்லவில்லை, கையில் கொடுத்த குறிப்பை வைத்துத்தானே அவர் திருத்த முடியும்.

ஆனால் அவள் எழுதியதில் என்ன தப்பு? நுண்ணறையின் அந்தச் செல்லையும், அதை ஒட்டி ஓடும் ரத்த நுண்நாளத்தின் சுவரையும் (அதுவும் தட்டைச் செல்கள்தான்) சேர்த்து அளந்தாலும் பெரும்பாலான இடங்களில் ஒரு மைக்ரோமீட்டர் கூட வராது. அங்கே நீர் கோத்து அந்தத் தடிமன் கூடினாலே மனிதருக்கு மூச்சு திணறுகிறது. அந்தத் திசு அங்கே இருப்பதற்கான காரணத்தையே ஒரு பிள்ளை இரண்டு வரியில் சொல்லிவிட்டது, நீங்கள் அதற்கு ஒன்றரை மதிப்பெண்ணைக் கழித்துவிட்டீர்கள்.

மதிப்பெண் போனது கூடப் பரவாயில்லை. மறுநாள் அவள் பாடநூலின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்த குறிப்புகளை உட்கார்ந்து அழித்துக்கொண்டிருந்தாள். சிறுகுடலுக்கு நேராக 'உயரமான செல், உச்சியில் நுண்விரல்கள், உறிஞ்சப் பரப்பு நிறைய வேண்டும்' என்று அவளே யோசித்து எழுதியது அது. ஏம்மா அழிக்கிறாய் என்றேன். "காரணம் எழுதினா மார்க் வராதுப்பா, அட்டவணையை மட்டும் படிச்சுக்கிறேன்" என்றாள். என்னால் ஒன்றும் பேச முடியவில்லை.

நான் 15 ஆண்டுகளாகத் திசு நோயியல் ஆய்வகத்தில் ஸ்லைடு தயாரிப்பவன். மெழுகில் பதித்த திசுவை நான்கு மைக்ரோமீட்டர் தடிமனில் சீவிச் சாயம் ஏற்றுவதுதான் என் அன்றாட வேலை. தினமும் எபிதீலியத்தைப் பார்க்கிறேன், அது உங்கள் படத்தில் உள்ள செங்கல் வரிசை போல இருப்பதே இல்லை. கொஞ்சம் சாய்வாக வெட்டுப்பட்டால் ஒரே அடுக்கு கூடப் பல அடுக்காகத் தெரியும். அப்புறம் உங்கள் படங்களில் எந்தப் பக்கம் வெளி, எந்தப் பக்கம் அடித்தளச் சவ்வு (செல்கள் உட்கார்ந்திருக்கும் மெல்லிய படலம்) என்ற குறிப்பும் இல்லை. எபிதீலியத்துக்குள் ரத்தநாளம் கிடையாது, அந்தச் சவ்வைத் தாண்டித்தான் அதற்கு உணவே வருகிறது. அது தெரியாத பிள்ளைக்கு எது மேல், எது கீழ் என்பது எப்படிப் புரியும்?

எங்களுக்கு வருகிற ஸ்லைடுகளில் காரணம் தெரியாமல் ஒரு அடி எடுத்து வைக்க முடியாது. மூச்சுக்குழாயின் உள்சுவரில் பொய் அடுக்குத் தூண் செல்கள். உட்கருக்கள் மேலும் கீழுமாக இருப்பதால் பல அடுக்கு போலத் தெரியும், ஆனால் எல்லாச் செல்லும் அடித்தளச் சவ்வைத் தொட்டுக்கொண்டுதான் நிற்கும். கோப்பை செல்கள் சளியைச் சுரக்க, குறு இழைகள் தூசியோடு சேர்த்து அதை மேலே தள்ளிவிடும். பல வருடம் புகைபிடித்தவரின் மூச்சுக்குழாயில் சில இடங்களில் இந்தத் திசுவே மாறி, உணவுக்குழாயில் இருப்பது போன்ற அடுக்குத் தட்டை எபிதீலியமாகிவிடுகிறது. உராய்வைத் தாங்கும், சரி. ஆனால் தள்ளிவிட இழைகள் இல்லாததால் சளி அங்கேயே தேங்குகிறது, அவர் இருமி இருமித்தான் வெளியேற்ற வேண்டியிருக்கிறது. இதைச் சொல்லிக் கொடுத்தால் எந்தப் பிள்ளை மறக்கும்? அட்டவணையில் இதற்கு இடமே இல்லையே.

மனிதருக்கு வரும் புற்றுநோய்களில் பெரும்பாலானவை எபிதீலியத்தில் தொடங்குபவைதான். சிறுகுடலின் உள்பூச்சு ஏறத்தாழ மூன்று முதல் ஐந்து நாளில் புதுப்பிக்கப்படுகிறது என்று படித்துவிட்டு, இவ்வளவு வேகமாகப் பிரியும் செல்கள் ஏன் தடம் மாறுவதில்லை என்று ஒரு மாணவி கேட்க வேண்டும். நீங்கள் அவளை 'தூண், சிறுகுடல்' என்று மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறீர்கள். எல்லாப் பாடத்தையும் இப்படித்தானே ஆக்கி வைத்திருக்கிறோம், பெயர் தெரிந்தால் போதும், வேலை தெரிய வேண்டாம் என்று.

கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது இரண்டே. அடுத்த பதிப்பில் அந்த அட்டவணையில் 'ஏன் அங்கே' என்று இன்னொரு பத்தி சேருங்கள். சிறுநீர்ப்பைக்கு நேராக 'நிறையும்போது விரிந்துகொடுக்க' என்று இரண்டு சொல் போதும். அதுவரை, 'சரியான காரணம் எழுதியிருந்தாலும் முழு மதிப்பெண் வழங்கலாம்' என்று விடைக்குறிப்பில் ஒரு வரி போடுங்கள். அந்த வரி வந்ததும் அச்செடுத்து மகளிடம் காட்டுவேன். அழித்த குறிப்புகளை அவள் திரும்ப எழுதிக்கொள்ளட்டும்.

நன்றியுடன்,
ஒரு மாணவியின் அப்பா