புதிர்ப்போட்டியின் பாடல் சுற்று: ஏற்பாட்டுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். சுங்கை சிப்புட் ஆலய மண்டபத்தில் நீங்கள் நடத்தும் புதிர்ப்போட்டிக்கு நான் ஆண்டுதோறும் தவறாமல் வருவதே, தோட்டத்து லயத்திலிருந்து வரும் தாத்தாவும் படிவம் இரண்டில் படிக்கும் பேரனும் ஒரே மேசையில் அமர்ந்து விடை தேடுவதைப் பார்க்கத்தான். கேள்வியைக் கேட்டு, விடைக்கான குறிப்பாக ஒரு பாடலை ஒலிக்கவிடும் பாடல் சுற்று அந்த மேசையை இரண்டாகப் பிரித்துவிடக் கூடாது என்ற கவலையில் இம்மடலை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு, 1970இன் உலகக் கண்காட்சி எந்த ஜப்பானிய நகரில் நடந்தது என்று கேட்டு, ‘உலகம் சுற்றும் வாலிபன்’ படப் பாடலொன்றைக் குறிப்பாக ஒலிக்கவிட்டீர்கள். ஒசாகா என்ற விடை சரி. அக்கண்காட்சியில் படப்பிடிப்பு நடந்ததும் உண்மை. ஆனால் ஒசாகா இருப்பது படத்தின் காட்சியில். ஒலிபெருக்கியில் வந்த பாட்டில் அன்று. 1973இல் வெளிவந்த அப்படத்தைப் பார்த்திருந்த பெரியவர்கள் உடனே கை தூக்கினார்கள். என் அருகில் இருந்த சிறுவனோ விடைத்தாளின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே இருந்தான். படம் பார்த்த நினைவு தேவைப்படும் பாடல் என்றால் திரையையும் வையுங்கள். இல்லையேல், விடைக்குப் போகும் வழி காதில் விழும் பாடலாகத் தேர்ந்தெடுங்கள்.

அப்படிப்பட்ட பாடல்களுக்குப் பஞ்சமே இல்லை. பலா மரத்தைக் குடைந்து தஞ்சாவூரில் செய்யப்படும் இசைக்கருவி எது என்று கேட்டுவிட்டு, 1965இல் வந்த ‘திருவிளையாடல்’ படத்தின் ‘பாட்டும் நானே’ பாடலில் வீணை தனித்து ஒலிக்கும் இடத்தை மட்டும் வெட்டி ஒலிக்கவிட்டால், படத்தைப் பத்து முறை பார்த்தவருக்கும் பெயரைக்கூடக் கேள்விப்படாத பிள்ளைக்கும் ஒரே வாய்ப்புதான்.

பேராக் மாநிலப் பாடலின் மெட்டிலிருந்துதான் மலேசியத் தேசிய கீதமான ‘நெகாராகூ’ பிறந்தது என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும். அதைப் பற்றி நீங்கள் கேட்ட கேள்வியை நான் வரவேற்கிறேன். ஆனால் அதற்குக் குறிப்பாகத் தேசிய கீதத்தையே ஒலிக்கவிட்டீர்கள். முன்வரிசைப் பாட்டி ஒருவர் கைத்தடியை ஊன்றி எழுந்து நின்ற நொடியில் அது நின்றுபோக, உட்காருவதா நிற்பதா என்று தெரியாமல் அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். 1968ஆம் ஆண்டுத் தேசிய கீதச் சட்டத்தின்படியும் அவர் எழுந்ததே முறை. அந்தக் கேள்வியை வாயால் கேட்டாலே போதும்.

இவ்வாண்டுப் பாடல்களை முடிவு செய்யும் முன், அறுபது வயதைக் கடந்த ஒருவரையும் இடைநிலைப்பள்ளி மாணவர் ஒருவரையும் உட்காரவைத்து ஒவ்வொன்றையும் கேட்கச் செய்யுங்கள். இருவரில் ஒருவருக்கு மட்டுமே வழி தெரியும் பாடலை நீக்கிவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பாடல் சுற்றுக்காகக் காத்திருக்கும் தோட்டத்துவாசி