கிருஷ்ணா நகரில் எங்களைக் கரை சேர்த்தவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. சரி, இனி மழை விட்டுவிடும் என்றுதான் நானும் அம்மாவும் படுத்தோம். விடவில்லை. புயல் கரைக்கு வந்த பிறகும் நகராமல் எங்கள் தலைக்கு மேலேயே நின்றது. பக்கத்தில் கடல், ஈரக்காற்றுக்குப் பஞ்சமில்லை. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 48 செ.மீ.க்கு மேல் மழை. மயிலத்தில் இன்னும் அதிகம். இதெல்லாம் அப்புறம் படித்தது. அன்று ராத்திரி நான் பார்த்த அளவு, கட்டில் கால் எவ்வளவு முழுகியிருக்கிறது என்பது மட்டும்தான்.

மாடி வீட்டு அண்ணா, நாங்கள் கூப்பிடும் முன்பே வந்து கதவைத் தட்டினீர்கள். அம்மாவால் படி ஏற முடியாது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நீங்களும் எதிர்வீட்டுத் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிப் போனீர்கள். மேலே போன பிறகுதான் இன்சுலின் நினைவு வந்தது. அது கீழே, ஃபிரிட்ஜில். தம்பி, இடுப்பளவுத் தண்ணீரில், இருட்டில், நீ மறுபடி இறங்கிப் போனாய். திரும்பி வரும்வரை எனக்கு உயிரே இல்லை. அண்ணி அந்த மருந்தை நனையாமல் சுற்றி மண்பானைத் தண்ணீரில் வைத்தார். தன் சேலையை அம்மாவுக்குக் கட்டிவிட்டார்.

காலையில் படகோடு வந்த ராணுவ வீரர்களே, சென்னையிலிருந்து இரவோடு இரவாகக் கிளம்பி வந்தீர்களாமே. நீங்கள் பேசிய இந்தி அம்மாவுக்குப் புரியவில்லை. "மாஜி" என்று கூப்பிட்டது புரிந்தது. இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தண்ணீர் வடிந்ததும் சேற்றை அள்ளிய துப்புரவுப் பணியாளர்கள், ஈரக் கம்பத்தில் ஏறிய மின்துறை ஊழியர்கள், பால் பாக்கெட்டுக்குக் காசு வாங்காமல் போன அந்தப் பெரியவர், எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

வீட்டைக் கழுவிக்கொண்டிருந்த அன்று யாரோ எங்கள் வாசற்படியில் எலுமிச்சை சாதத்தோடு ஒரு தூக்குச்சட்டியை வைத்துவிட்டுப் போனீர்கள். பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருக்கிறது. துலக்கி வைத்திருக்கிறேன். உங்களுடையது என்றால் அவசியம் வீட்டுக்கு வாருங்கள், அம்மா உங்களைப் பார்க்க வேண்டுமாம்.

இப்படிக்கு,
கீழ்வீட்டு மகள்