ஜவ்வரிசி ஆலை உரிமையாளர்களுக்கு: மாவு பாயிண்ட் குறைவது பற்றி

ஐயா, வணக்கம்.

சேலம் மாவட்டம் ஆத்தூர் பக்கம் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி போடும் விவசாயி எழுதுகிறேன். லோடு வந்ததும் கிழங்கில் மாவு எவ்வளவு என்று காட்டும் பாயிண்டைப் பார்த்து விலை போடுகிறீர்கள். அதில் எனக்குக் குறையில்லை, மாவுக்குத்தானே காசு. ஆனால் பாயிண்ட் ஏன் இறங்குகிறது என்று நீங்களும் கொஞ்சம் எங்கள் காட்டுப் பக்கம் வந்து பார்க்க வேண்டும்.

இலையில் உண்டாகும் சர்க்கரை கிழங்குக்கு இறங்கவும், இறங்கிய சர்க்கரையை மாவாக்கும் நொதி வேலை செய்யவும் சாம்பல் சத்து, அதாவது பொட்டாசியம் வேண்டும். அது பற்றாவிட்டால் அடி இலைகளின் ஓரம் மஞ்சளித்துக் கருகும். கிழங்கு சிறுக்கும், மாவு குறையும், சயனைடு கூடிக் கசப்பும் ஏறும். அப்போது யூரியாவை மட்டும் போட்டால் தழை தளதளவென்று வளரும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், பிடுங்கும்போதுதான் தெரியும்.

யூரியாவையே போடக் காரணம் விலைதான். 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. சாம்பல் சத்துக்காகப் போடும் பொட்டாஷ் உரம் வெளிநாட்டிலிருந்து வருகிறது, விலை அதைப்போலப் பல மடங்கு. தண்ணீர் பாய்ச்சி வளர்க்கும் இறவை மரவள்ளிக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு ஹெக்டேருக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) 90, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 90, சாம்பல் சத்து 240 கிலோ. சாம்பல் சத்தில் பாதியை மூன்றாம் மாதம் கொடுக்க வேண்டும். கையில் காசு நிற்காத மாதம் அது, பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் ஒவ்வொரு டன் கிழங்கோடும் சுமார் இரண்டு மூன்று கிலோ பொட்டாசியம் எங்கள் மண்ணை விட்டு உங்கள் ஆலைக்கு வந்துவிடுகிறது. வருஷா வருஷம் எடுத்துக்கொண்டே இருந்தால் மண் என்ன செய்யும்?

இரும்புச்சத்துக் குறையும் இருக்கிறது. கஞ்சமலையில் இரும்புத்தாது கிடக்கிற மாவட்டம் இது. இருந்தும் சுண்ணாம்பு மிகுந்த காடுகளில் இரும்பு கரையாமல் கிடப்பதால் கொழுந்து வெளுத்துப் போகிறது.

சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாங்களும் சந்தோஷப்பட்டோம். அந்தப் பெயர் நிற்க நல்ல கிழங்கு வேண்டும். அதனால் கேட்கிறேன்: முன்பணம் கொடுக்கிற ஆலைகள் அதில் ஒரு பங்கை மூன்றாம் மாதப் பொட்டாஷாகவே கொடுங்கள், லோடு வரும்போது கழித்துக்கொள்ளுங்கள். நீங்கள் சேர்ந்து மொத்தமாக வாங்கினால் எங்களுக்கும் விலை கட்டுப்படியாகும். மண் பரிசோதனைக்கும் உதவுங்கள். மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் ஏத்தாப்பூரில் இருக்கிறது, அவர்களையும் கூப்பிடலாம்.

அடுத்த நடவுக்கு முன் ஆத்தூரில் ஒரு கூட்டம் போடுங்கள். பழைய பாயிண்ட் சீட்டுகளை எடுத்துக்கொண்டு நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
ஆத்தூர் வட்டாரக் கிழங்கு விவசாயி