நமீப் வண்டு விவகாரம்

அன்புள்ள சங்கரா,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது என் நரைமுடியை எண்ணிச் சொல்கிறார். பாலு வழக்கம்போலத்தான், சொல்ல ஒன்றுமில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் படிக்கும் பையன்கள் இருவர் ஆப்பிரிக்காவின் நமீப் பாலைவன வண்டைப் புராஜெக்ட்டாக எடுத்திருக்கிறார்கள். அதிலிருந்து எனக்குத் தூக்கம் போச்சு. மழை அபூர்வம், கடலிலிருந்து வரும் மூடுபனிதான் அங்கே தண்ணீர். அந்த வண்டைப் பற்றி 2001-இல் பார்க்கரும் லாரன்ஸும் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் எழுதினார்கள். முதுகில் அரை மில்லிமீட்டர் மேடுகள்; உச்சியில் தண்ணீர் ஒட்டும். இடையிலுள்ள பள்ளங்களில் மெழுகு, அங்கே ஒட்டாது. மேட்டில் சேரும் துளி பெருத்து, கனம் தாங்காமல் உருண்டு வாய்க்கு வந்துவிடுமாம்.

இங்கேதான் வம்பு. மூடுபனியில் வண்டு தலைகீழாக நின்று குடிப்பதை 1976-லேயே ஹாமில்டனும் சீலியும் பதிவு செய்தார்கள். ஆனால் அவர்கள் பார்த்த வண்டு வேறு இனம். அதன் முதுகில் இப்படி மேடுகளே கிடையாது! ஆனாலும் அப்படி நின்றால் உடல் எடையில் சராசரியாக 12 சதவீதம் ஏறுகிறது. 2010-இல் இன்னொரு ஆய்வு பல வண்டுகளை ஒப்பிட்டுப் பார்த்து, மேட்டைவிட நிற்கும் விதம்தான் முக்கியம் என்றது.

வேடிக்கை என்னவென்றால், மேட்டு முதுகைப் பார்த்துச் செய்த நகல் வேலை செய்கிறது. 2006-லேயே அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இந்த மாதிரிப் பரப்பைச் செய்துவிட்டார்கள். பையன்கள் கண்ணாடித் துண்டில் தண்ணீர் ஒட்டாத பூச்சு பூசி, அங்கங்கே பொட்டுப் பொட்டாகப் பூசாமல் விட்டிருக்கிறார்கள். நீராவி பட்டதும் துளிகள் பொட்டில் மட்டும் உட்காருகின்றன. சாய்த்தால் சின்னது அசையாது, பெரியது தடாலென்று கிளம்பி வழியிலுள்ளவற்றையும் விழுங்கிக்கொண்டு போகிறது. துளியை நகர்த்தப் பம்ப் இல்லை, வால்வு இல்லை. விரல் குத்தி எடுக்கும் ஒரு சொட்டு ரத்தத்தைப் பிரித்துப் பல சோதனை செய்ய, ஒவ்வொன்றையும் அதனதன் பொட்டில் நிறுத்தினாலே போதுமே. நம் கெமிஸ்ட்ரி பேப்பர் நினைவிருக்கிறதா? காப்பியடித்தவனுக்குத்தான் மார்க்!

ஆனால் ஒன்று உறுத்துகிறது. அறிக்கையின் முதல் பக்கத்தில் அந்த வண்டுக் கதையை அப்படியே போடாதீர்கள், 2010 ஆய்வையும் சேருங்கள் என்றேன். “கதை இல்லாட்டி மார்க் வராது சார்” என்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை என்பதுதான் எரிச்சல். நீ தேர்வாளராகப் போகிறவன்; இப்படி ஓர் அறிக்கை உன்னிடம் வந்தால் என்ன செய்வாய், ஒளிக்காமல் எழுது.

அப்புறம், சேகர் வீட்டுக் கல்யாணத்துக்கு வரும்போது உன் மேக்ரோ லென்ஸை எடுத்து வா. போன தடவை மாதிரி மறந்தேன் என்றால் பந்தியில் இடம் கிடையாது.

அன்புடன்,
ரவி